ஒரு விரற்கடை

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
இது சுவரே இல்லை.
இரண்டு ஜிப்சம் அட்டை, நடுவே காற்று.
தட்டினால்
வெறும் பெட்டி போலப் பதில் சொல்லும்.

எட்மன்டனில் எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம்.
வாரத்தில் நாலு நாள்
கட்டிலுக்கு இரண்டு ஷிப்ட்:
இரவில் தயாபரன், பகலில் நான்.
முதியோர் இல்லத்து வேலை ஏழுக்கு முடிய
பஸ் பிடித்து ஏழு நாற்பதுக்கு வருவேன்.
எட்டு இருபதுக்கு அவர் வெளிக்கிடுவார்.
நடுவே நாற்பது நிமிடம்.
அதிலும் பத்து
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டப் போய்விடும்.

மிச்ச அரை மணியில் ஒரு நாள்
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்:
"அறை ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு.
ஒரு படம் மாட்டுவம்."

சேர்ந்து வாய்த்த சனிக்கிழமைகளில் கடை ஏறினோம்.
அவருக்குப் பிடித்தது
மூன்று துண்டாக வெட்டிய அருவி.
துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி.
"அதுக்குள்ள தண்ணி எங்க போகுது?" என்றேன்.
எனக்குப் பிடித்தது
ஒன்றுமில்லாத ஒரு பழுப்பு,
ஓரத்தில் கொஞ்சம் சாம்பல்.
"இதுக்கு நானூறு டொலரா?
எங்கட குளியலறைக் கூரையில்
சும்மா கிடக்கே, பாரும்" என்றார்.

சிரி, கனவு காண், அன்பு செய் என்று
மரப்பலகையில் எழுதி விற்கிறார்கள்.
படுக்கப் போகிற இடத்தில்
எனக்கு யாரும் உத்தரவு போட வேண்டாம்.

கடைசியில்
வைட் அவெனியூவில், பழைய பொருட்கள் விற்கும் கடையில்,
உடைந்த விளக்குகளுக்குப் பின்னால் கிடந்தது.
பதினொரு டொலர்.
மேசை, பாதி உரித்த தோடம்பழம்,
பக்கத்தில் ஒரு கத்தி.
கத்திக்குப் பிடி வரையவில்லை.
பின்பக்கம் பென்சிலில்:
"டோரீனுக்கு. பிறகு முடித்துத் தருகிறேன். 1974."
தரவில்லை போல.
இருவரும் ஒன்றும் பேசாமல்
காசு கொடுக்கப் போனோம்.

சுவருக்குள் மரச்சட்டம் தேடுகிற கருவியை
மேல்வீட்டில் இரவல் வாங்கினோம்.
நாடி பார்ப்பதுபோல் வைத்து வைத்து நகர்த்த
ஓரிடத்தில் கீச்சென்றது.
சட்டம் அகப்பட்டது. உயரந்தான் அகப்படவில்லை.
அவர் நின்று பார்த்துப் புள்ளி வைத்தார்.
நான் படுத்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன்.
நடுவே ஒரு முழம்.

"படத்தை ஆராவது படுத்துக்கொண்டு பாப்பினமோ?"
"படுக்கையறையில வேற எப்பிடிப் பாக்கிறது?"

அவருடைய புள்ளியில் துளைத்து, மாட்டி,
தள்ளி நின்று பார்த்து,
என் முகத்தைப் பார்த்து,
கழற்றினார்.
அந்தத் துளையைப் பற்பசையால் அடைத்தார்.
ஒரு வாரம் அறையெல்லாம் புதினா.
கீழே மாட்டி ரசமட்டம் வைத்தோம்.
குமிழி நட்டநடுவில் நின்றது.

நாலாம் நாள் காலை வந்து படுத்தேன்.
திரைச்சீலை ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தில்
படம் வலப்பக்கம் ஒரு விரற்கடை சரிந்திருந்தது.
எழும்பி நேராக்கினேன்.
மறுநாளும் அப்படியே.
கேட்டால்,
"சரக்கு ரயில். ரெண்டு மணிக்குப் போறது.
வீடே அதிருது" என்றார்,
டோஸ்டரைப் பார்த்துக்கொண்டு.

லீவு கிடைத்த இரவொன்றில்
கண் மூடாமல் கிடந்தேன்.
இரண்டு மணி ரயில் வந்தது.
நூற்றுச் சொச்சம் பெட்டி.
மேசைத் தண்ணீர் நடுங்கியது,
கதவுக் கொளுக்கி நடுங்கியது,
பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
படம்
மயிரளவும் அசையவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மாலை ஆறுக்கு
வேலைச் சட்டை மாட்டி, சாவி எடுத்து,
போகிற போக்கில்
இடப்பக்கம் ஒரு விரற்கடை சரித்துவிட்டுப் போகிறேன்.
காலையில் வந்தால் வலப்பக்கம்.

ரயிலுக்கு என்ன வந்தது என்கிறார்.
இரண்டு பக்கமும் ஓடுகிறதே, தண்டவாளம்
என்கிறேன்.